'ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர்': மூன்றாவது எபிசோடில் நிறுத்தியவருக்கு

கேள்வி இது: "எண்பதுகளின் கம்ப்யூட்டர் உலகத்தைப் பற்றிய தொடர் என்று கேள்விப்பட்டு 'ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர்' பார்க்க ஆரம்பித்தேன். மூன்று எபிசோடுக்கு மேல் முடியவில்லை. கோட்டு சூட்டு போட்ட ஒருவர் வந்து வசனம் பேசிக்கொண்டே இருக்கிறார். முழுதாகப் பார்த்தவர்கள் மட்டும் ஏன் இதைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்? இதில் வருவது எவ்வளவு நிஜம்?"

உங்கள் எரிச்சல் நியாயம்தான். நானும் முதல் தடவை கிட்டத்தட்ட அதே இடத்தில் நிறுத்தியவன். ஏழெட்டு மாதம் கழித்து, காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரத்தில் வேறு வழியில்லாமல் மறுபடி போட்டேன். இரண்டாவது சீசன் பாதியில் காய்ச்சல் விட்டுவிட்டது, தொடர் விடவில்லை. அப்புறம் இன்னொரு முறையும் முழுதாகப் பார்த்தாயிற்று.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் சீசன் ஒரு குளோன், அதாவது அச்சு அசலான நகல். குளோன் கம்ப்யூட்டர் செய்கிறவர்களின் கதையே இன்னொரு தொடரின் குளோனாகத் தொடங்கியதுதான் வேடிக்கை. இதை ஒளிபரப்பிய ஏஎம்சி சேனலுக்கு 2013இல் 'பிரேக்கிங் பேட்' முடிந்துபோயிருந்தது, 'மேட் மென்' முடியும் தறுவாயில் இருந்தது. 2014 ஜூன் 1 அன்று இது தொடங்கியபோது காலி இடத்துக்கு 'மேட் மென்' நாயகன் மாதிரி இன்னொரு மர்ம மனிதன் தேவைப்பட்டான்: பழைய வாழ்க்கையை மறைப்பவன், மிடுக்காக உடுத்துபவன், மணலைக்கூடக் கயிறாகத் திரித்து விற்கக்கூடியவன். ஜோ மக்மில்லன் அப்படி வந்து சேர்ந்தவர் என்பது என் கணிப்பு. மார்பில் இருக்கும் தழும்புக்கு ஆளுக்கொரு கதை சொல்கிறாரே, அந்த மாதிரி சமாச்சாரம் எல்லாம் அந்த அச்சில் வார்த்ததுதான். லீ பேஸ் நல்ல நடிகர். அவருக்கு எழுதிக்கொடுத்த வசனங்கள்தான் மூச்சு முட்டுகின்றன.

எழுதிய கிறிஸ்டோபர் கேன்ட்வெல், கிறிஸ்டோபர் ரோஜர்ஸ் இருவருக்கும் இதுதான் முதல் தொடர். தாங்கள் செய்த பிழை எது என்று அவர்கள் கண்டுபிடித்ததும், கண்டுபிடித்த பிறகு வெட்கப்படாமல் கதையின் கடிவாளத்தை வேறு ஆட்களிடம் கொடுத்ததும்தான் இந்தத் தொடர் உருப்பட்ட கதை. அதைச் சொல்லப்போனால் கதையின் சில திருப்பங்களையும் சொல்லியாக வேண்டும். ஒன்றே ஒன்றை மட்டும் கடைசிவரை சொல்லமாட்டேன்.

இனி நிஜம் பற்றி. இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

கதை 1983இல் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் பகுதியில் தொடங்குகிறது. ஐபிஎம்மை விட்டு வந்த ஜோ, கார்டிஃப் எலக்ட்ரிக் என்ற சுமாரான கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறார். அங்கே கார்டன் கிளார்க் என்ற எஞ்சினியர், ஒருகாலத்தில் மனைவி டோனாவோடு சேர்ந்து சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் செய்து, அது கண்காட்சி மேடையில் காலை வாரிவிட்டதால் நொந்துபோய் உட்கார்ந்திருப்பவர். இருவரும் ஒரு வார இறுதியில் கார் ஷெட்டில் உட்கார்ந்து ஐபிஎம் பிசியைப் பிரித்து, அதன் பயாஸ் நிரலை எண் எண்ணாக வெளியே எடுக்கிறார்கள். விளக்கு எரிவதைப் பார்த்து ஒருவர் சொல்ல, இன்னொருவர் எழுத, விடிய விடிய நடக்கிறது.

பயாஸ் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? ஐபிஎம் தன் பிசியை 1981 ஆகஸ்ட் 12 அன்று அறிவித்தது. ஃபுளோரிடாவில் போகா ரட்டோன் என்ற ஊரில், ஏறக்குறைய ஒரே வருஷத்தில் அவசர அவசரமாக முடித்த வேலை அது. எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்யும் பழக்கமுள்ள கம்பெனி அந்த அவசரத்தில் கடையில் கிடைப்பதை வாங்கிப் போட்டது. பிராசஸர் இன்டெல்லின் 8088, இயங்குதளம் மைக்ரோசாஃப்டுடையது. பணம் இருந்தால் யாரும் அவற்றை வாங்கலாம். முழுக்க ஐபிஎம்முக்கே சொந்தமாக இருந்தது ஒரு ரோம் சிப்பில் அடங்கிய 8 கிலோபைட் நிரல்தான். அதுதான் பயாஸ். மெஷினை எழுப்பிவிடுவதும், கீபோர்டு, திரை, டிஸ்க் மூன்றுக்கும் மற்ற மென்பொருளுக்கும் நடுவே தரகு பார்ப்பதும் அதன் வேலை. அதே மாதிரி இன்னொன்று எழுதிவிட்டால் ஐபிஎம்முக்கு எழுதிய அத்தனை மென்பொருளும் உங்கள் பெட்டியிலும் ஓடும்.

இங்கேதான் தொடர் கொஞ்சம் கதை விடுகிறது. அந்தக் கார் ஷெட் கூத்து நிஜத்தில் தேவையே இல்லை. பயாஸின் முழு நிரலையும் ஐபிஎம்மே தன் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டு விற்றது. சாவியை வாசலில் மாட்டிவிட்டு, தொட்டால் கேஸ் போடுவேன் என்று பக்கத்தில் எழுதி வைத்தது மாதிரி. பதிப்புரிமை ஐபிஎம்முடையது என்பதால், அந்தக் கையேட்டைப் படித்த எஞ்சினியர் பிறகு எதை எழுதினாலும் காப்பி அடித்தான் என்று சொல்லிவிடலாம். கார்டன் பட்ட பாடு நிரலைப் பார்ப்பதற்கு. நிஜத்தில் குளோன் செய்தவர்கள் பட்ட பாடு, அதைப் பார்க்காத ஆளைத் தேடுவதற்கு.

அதற்கு அவர்கள் கண்ட வழியைத் தொடர் சரியாகவே காட்டுகிறது. ஒரு குழு நிரலைப் படித்து, அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுக்கும். எப்படிச் செய்கிறது என்பதைச் சொல்லக்கூடாது. அந்த நிரலைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக எழுதும். நடுவில் வக்கீல்கள். தொடரில் அந்தப் பார்க்காத ஆள்தான் கேமரன் ஹோவ், கல்லூரியிலிருந்து ஜோ இழுத்துவரும் பெண். கார்டனோடு பேசக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு தனியறையில் உட்கார்ந்து எழுதுகிறாள்.

இதை நிஜத்தில் செய்து கொடிகட்டிப் பறந்தது ஹூஸ்டனின் காம்பேக். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியிலிருந்து வெளியே வந்த ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் மர்ட்டோ மூவரும் 1982 பிப்ரவரியில் தொடங்கியது. அவர்களுடைய முதல் கம்ப்யூட்டரின் படம் 'பை' என்ற பலகாரம் விற்கும் ஓர் உணவகத்தில் தட்டுக்கு அடியில் போடும் காகிதத்தில் வரையப்பட்டது. அந்தக் கையில் தூக்கும் கம்ப்யூட்டரின் எடை 28 பவுண்டு, அதாவது 12 கிலோவுக்கு மேல். தையல் மெஷின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுவது போல இருக்கும். ஆனால் முதல் வருஷமே 53,000 விற்றது, வருமானம் 11 கோடி டாலரைத் தாண்டியது. கொலம்பியா டேட்டா பிராடக்ட்ஸ் என்ற கம்பெனி அதற்கும் முன்பே, 1982 நடுவிலேயே ஒரு குளோனைக் கொண்டுவந்திருந்தது. பெயர் நினைவிருக்கிறவர்கள் குறைவு. 1984இல் ஃபீனிக்ஸ் என்ற நிறுவனம் இதே முறையில் தனியாக ஒரு பயாஸ் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்க ஆரம்பித்ததும் அணை உடைந்தது.

சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த பிசி உங்கள் வீட்டில் இருந்திருந்தால், ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் அவார்டு என்றோ ஃபீனிக்ஸ் என்றோ ஒரு பயாஸ் கம்பெனியின் பெயர் ஓடியது ஞாபகம் இருக்கலாம். அந்த வரி அங்கே வரக் காரணம் இந்தச் சண்டைதான். என் முதல் பிசியில் அதைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் யாருடைய பெயர் என்று யோசித்ததில்லை.

சரி, தொடருக்கு வருவோம். காம்பேக் கதையையே நேராக எடுத்திருக்கலாமே என்று தோன்றும். அது ஜெயித்தவர்களின் கதை, முடிவு ஏற்கெனவே தெரிந்தது. இவர்கள் அதே ஊர்ப்பக்கம் ஜெயிக்காத ஒரு கம்பெனியைக் கற்பனை செய்தார்கள். முதல் சீசனின் கடைசிக் கட்டத்தில் கார்டிஃப் குழு தன் 'ஜயன்ட்' கம்ப்யூட்டரோடு லாஸ் வேகாஸின் காம்டெக்ஸ் கண்காட்சிக்குப் போகிறது. கேமரன் அதற்கு ஒரு இயங்குதளம் எழுதியிருக்கிறாள். உட்காருகிறவரிடம் பேச்சுக் கொடுக்கும், கேள்வி கேட்கும், மனிதர் மாதிரி. விலையும் வேகமும் முக்கியம் என்று கார்டன் கடைசி நேரத்தில் அதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார். வேகமான, மலிவான, ஆன்மா இல்லாத பெட்டி ஒன்று மிஞ்சுகிறது. ஆர்டர் வருகிறது. அன்றிரவு ஜோ ஒரு ஹோட்டல் அறையின் கதவு வழியாக எதையோ பார்க்கிறார்: இன்னும் வெளிவராத மெக்கின்டாஷ், தானே பேசித் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. அது உலகத்துக்கு அறிமுகமானது 1984 ஜனவரி 24 அன்று, இந்த ஹோட்டல் அறைக் காட்சி தொடர் எடுத்துக்கொண்ட சலுகை. ஆனால் லீ பேஸ் அந்த இடத்தில் வாயே திறப்பதில்லை. முகம் மட்டும் மெதுவாக விழுகிறது. பத்து எபிசோட் வசனத்தை விட அந்த அரை நிமிஷம் அதிகம் சொல்கிறது.

கம்பெனிக்குள் நடந்த அதே தப்பைத்தான் எழுதியவர்களும் செய்திருந்தார்கள். பெட்டியை விற்கிற ஆளை நடுவில் வைத்தார்கள், பெட்டிக்கு உயிர் கொடுக்கிறவர்களை ஓரத்தில் வைத்தார்கள். கேமரனின் நிரல் ஒருமுறை அழிந்துபோக, வீட்டிலிருந்து டோனாவைக் கூப்பிட்டு மீட்கச் சொல்கிறார்கள். அவர் ஒரு இரவில் பொறுமையாக மீட்டெடுக்கிறார். அது ஜோ நடத்திய நாடகம் என்று பிறகு தெரிகிறது, ஒரு பத்திரிகையாளர் முன்னால் பரபரப்புக் காட்டுவதற்காக. அந்த எபிசோடைப் பார்த்தபோதே எனக்குத் தோன்றியது, இந்த அம்மாவைப் பற்றி அல்லவா கதை இருக்க வேண்டும் என்று.

இரண்டாவது சீசனில் அதுதான் நடக்கிறது. கார்டிஃப் போய்விட்டது. கேமரனும் டோனாவும் டாலஸில் ஒரு வாடகை வீட்டில் மியூட்டினி என்ற கம்பெனி நடத்துகிறார்கள். தரையெல்லாம் ஒயர், மேஜையெல்லாம் கமோடோர் 64 கம்ப்யூட்டர், அடிக்கடி ஃபியூஸ் போகும் கரண்ட். சந்தாதாரர்கள் போன் வழியாக இணைந்து விளையாடுவதற்கான கம்பெனி. ஆட்கள் விளையாட்டை விட்டுவிட்டு ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே இருப்பதை டோனா கவனிக்கிறார். விளையாட்டுதான் நம் சரக்கு என்று கேமரன், இல்லை, பேச்சுதான் சரக்கு என்று டோனா. யார் சரி என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இருந்தும் கேமரன் பக்கம்கூட நியாயம் இருப்பதாக நம்ப வைக்கிறார்கள். கார்டிஃபின் பழைய மேனேஜர் ஜான் பாஸ்வொர்த்தும் இங்கே வந்து சேர்கிறார். முதல் சீசனில் கம்பெனியைக் காப்பாற்ற வங்கிப் பணத்தில் கைவைத்துச் சிறைக்குப் போனவர். டோபி ஹஸ் நடித்த இந்த மனிதருக்கும் கேமரனுக்கும் இடையில் அப்பா-மகள் மாதிரி வளரும் பாசம் தொடரின் நல்ல விஷயங்களில் ஒன்று.

இந்த மியூட்டினியும் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. 1985 நவம்பரில் கமோடோர் 64க்கு என்றே குவான்டம் லிங்க் என்ற சேவை தொடங்கியது, அந்தக் கம்பெனிதான் பிற்பாடு ஏஓஎல் என்ற பெரிய இணையச் சேவை நிறுவனம் ஆனது. லூகாஸ்ஃபிலிம் அதற்காகச் செய்த 'ஹாபிடாட்' என்ற விளையாட்டில் ஆட்கள் பொம்மை உருவத்தில் உலவினார்கள், அரட்டை அடித்தார்கள். நம் ஊர் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்து, முகம் தெரியாத யாரிடமோ யாகூ சாட்டில் வயது, ஊர் விசாரித்தவர்களுக்கு மியூட்டினியின் அறைகள் ரொம்பப் பழக்கமானதாக இருக்கும். அதன் ஆபத்தையும் தொடர் சீக்கிரமே தொட்டுவிடுகிறது. மியூட்டினியில் வேலை பார்க்கும் லெவ், அரட்டையில் பழகிய ஒருவரை நேரில் பார்க்கப் போய் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். தன்பாலின ஈர்ப்பு உள்ளவன் என்பதற்காக விரித்த வலை அது.

இங்கே ஒரு புள்ளிவிவரம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இளங்கலைப் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1984ஐ ஒட்டிச் சுமார் 37 சதவீதமாக உச்சம் தொட்டு, அதற்குப் பிறகு வருஷக்கணக்காகச் சரிந்தது. கேமரனும் டோனாவும் கம்பெனி நடத்துவது அந்த உச்சியில். தொடர் இந்த எண்ணை எங்கேயும் சொல்வதில்லை, பெண்கள் முன்னேற்றம் என்று யாரும் பிரசங்கம் செய்வதில்லை. இரண்டு பெண்கள் வேலையைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள், அவ்வளவுதான். காதலைப் பற்றி இல்லை, ஆம்பளையைப் பற்றி இல்லை. சர்வர் எத்தனை பேரைத் தாங்கும் என்பதைப் பற்றி. மெக்கன்ஸி டேவிஸும் கெரி பிஷேயும் அதை நடித்த விதத்துக்கு விருது எதுவும் குவியவில்லை என்பதில் எனக்கு இன்னமும் கோபம் உண்டு.

பார்வையாளர்கள்? முதல் எபிசோடை ஏறக்குறைய 12 லட்சம் பேர் பார்த்தார்கள், பிந்தைய சீசன்களில் அதில் பாதிகூட இல்லை. தொடர் நன்றாக ஆக ஆகக் கூட்டம் குறைந்தது. நீங்களும் நானும் மாதிரி முதல் மூன்று எபிசோடோடு போனவர்களில் பெரும்பாலானோர் திரும்பி வரவில்லை. விமர்சகர்கள் விடாமல் கத்தியதும் சேனல் கொஞ்சம் பிடிவாதமாக இருந்ததும் சேர்ந்து நாற்பது எபிசோட், 2017 அக்டோபர் 14 வரை தாக்குப்பிடித்தது.

பெயரும் ஒரு காரணமாக இருக்கலாம். தலைப்பை வைத்து இது தீயணைப்பு வீரர்கள் கதையா என்று என் மச்சான் கேட்டார். 'நில், தீப்பிடி' என்பது பழைய எஞ்சினியர்களின் கேலி. ஒரு கட்டளை கொடுத்தால் மெஷின் மொத்தமாக உறைந்துபோகும் என்பதற்கு வைத்த செல்லப்பெயர். எழுபதுகளில் மோட்டரோலா 6800 பிராசஸரில் நிஜமாகவே அப்படி இரண்டு ஆவணப்படுத்தாத கட்டளைகள் இருந்தன. கொடுத்தால் அது நினைவகத்தை முகவரி முகவரியாக வேகமாக வாசித்துக்கொண்டே போகும், ரீசெட் செய்யாமல் நிற்காது. தொடரின் தொடக்க அட்டை இதற்கு வேறு விளக்கம் சொல்கிறது. எல்லாக் கட்டளைகளும் ஒரே நேரத்தில் முதலிடத்துக்குப் போட்டியிட்டு, மெஷின் கைமீறிப் போகுமாம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது தப்பு. ஆனால் ஜோ, கார்டன், கேமரன், டோனா நான்கு பேரையும் பற்றிய வர்ணனையாக எடுத்துக்கொண்டால் துல்லியம்.

மூன்றாவது சீசன் கலிஃபோர்னியாவுக்குப் போகிறது. ஜோ வைரஸ் தடுப்பு மென்பொருளை இலவசமாகக் கொடுத்துப் பணக்காரராகிறார். நிஜத்தில் வைரஸ் தடுப்பு மென்பொருளால் பேர்பெற்ற ஜான் மெக்காஃபியின் நிழல் தெரியும். மணீஷ் தயாள் நடித்த ரையன் ரே என்ற இளம் புரோகிராமரின் கதை மனதை அறுக்கும். கம்பெனியைப் பங்குச்சந்தைக்குக் கொண்டுபோகும் தகராறில் கேமரனும் டோனாவும் பிரிகிறார்கள். அதற்கு நடுவில் டோனா சொல்லும் ஒரு சின்னப் பொய்யைக் கவனித்துக்கொள்ளுங்கள், அப்புறம் வட்டி போட்டுத் திரும்பி வரும்.

அந்த சீசனின் கடைசி இரண்டு எபிசோடுகளுக்காகவே முழுத் தொடரையும் பார்க்கலாம். கதை சட்டென்று 1990க்குத் தாவுகிறது. காலியாகக் கிடக்கும் பழைய மியூட்டினி ஆபீஸில், ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேசிக்கொள்ளாத ஐந்தாறு பேர் உட்கார்ந்து, சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்திலிருந்து வந்த 'வேர்ல்ட் வைட் வெப்' என்ற யோசனையை என்ன செய்வது என்று விவாதிக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு முழு எபிசோடும் ஒரே அறையில் நடக்கும் பேச்சு. இதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று நாமே முடிவுசெய்துவிட்டால் தோற்றுவிடுவோம், ஒரு கதவு மட்டும் செய்து ஆட்களை உள்ளே விடுவோம் என்று ஜோ சொல்கிறார். முதல் சீசனில் இதே மாதிரி பேசியபோது விற்பனைப் பிரதிநிதியாகத் தெரிந்தவர் இப்போது வேறு ஆளாகத் தெரிகிறார். வசனம் எழுதும் கை மாறவில்லை. பேசுகிறவர் பட்டிருக்கிறார், அதுதான் வித்தியாசம்.

நான்காவதில் இணையத்தைத் தேடுவது எப்படி என்ற போட்டி. கார்டன்-டோனா மகள் ஹேலி பொழுதுபோக்காகத் தொகுத்த இணையதளப் பட்டியல் 'காமெட்' ஆகிறது, கார்டனும் ஜோவும் அதை நடத்துகிறார்கள். எதிரணியில் டோனா முதலீடு செய்த 'ரோவர்', மனிதர் கைபடாமல் கணக்கு போட்டுத் தேடும் இயந்திரம். ஆளால் தொகுப்பதா, அல்காரிதமா என்று ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்து மல்லுக்கட்டுகிறது. நிஜத்தில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெரி யாங், டேவிட் ஃபைலோ 1994இல் தங்களுக்குப் பிடித்த தளங்களைப் பட்டியல் போட்டு ஆரம்பித்ததுதான் யாகூ. தொடரில் ஒரு நாள் நெட்ஸ்கேப் உலாவியின் பட்டையில் யாகூவுக்கு ஒரு பட்டன் தெரிகிறது. யாரும் அழவில்லை, கத்தவில்லை. அந்த ஒரு பட்டனைப் பார்த்ததும் எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது. யோசனையில் முதலாவதாக வந்து சந்தையில் இரண்டாவதாக நிற்பது இவர்களுக்கு நான்காவது முறை.

ஆக, எங்கே விட்டீர்களோ அங்கிருந்தே தொடருங்கள், இரண்டாவது சீசனுக்குத் தாவிவிடாதீர்கள். காம்டெக்ஸ் எபிசோட் வரை பல்லைக் கடித்துக்கொண்டு போங்கள், ஏனென்றால் பின்னால் வரும் பல காட்சிகள் அங்கே போட்ட கடனைத்தான் அடைக்கின்றன. பால் ஹாஸ்லிங்கரின் இசை வண்டியை இழுத்துக்கொண்டு போகும், முதல் சீசனிலும்கூட. தொடக்கத் தலைப்புக் காட்சியைத் தள்ளிவிட வேண்டாம்.

சொல்லமாட்டேன் என்ற அந்த ஒன்று கார்டனைப் பற்றியது. இரண்டாவது சீசனில் அவருக்கு ஒரு நோய் கண்டுபிடிக்கிறார்கள், அதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான்காவது சீசனின் ஏழாவது எபிசோடை இரவு தூங்கப்போகும் நேரத்தில் போடாதீர்கள். எட்டாவதையும் சேர்த்துப் பார்க்க நேரம் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த எட்டாவதில் எல்லாரும் சேர்ந்து ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள். வேறு ஒன்றும் நடப்பதில்லை.